அவ்னி அவசரப்பட்டுக் குடித்த காப்பி

சல்ட் நகரத்துப் பஸ் நிலையத்தில் கோஸ்டர் என்கிற சின்ன பஸ்கள் மணி பார்த்துக் கிளம்புவதில்லை. இருக்கைகள் நிறைந்தால் கிளம்பும், நிறையாவிட்டால் நிற்கும், அவ்வளவுதான். காலையில் கூட்டம் முட்டி மோதும். வெயில் ஏறிவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் தேநீர் குடிப்பார்கள், சீட்டாடுவார்கள், நகராட்சியைத் திட்டுவார்கள். அவ்னி மட்டும் ஸ்டியரிங்கின் மேல் ஒரு புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்துக்கொண்டிருப்பார்.

அவர் ஒன்றும் பிறவிப் படிப்பாளி இல்லை. அப்பா போய்ச் சேர்ந்ததும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாமாவின் லாரியில் ஏறியவர். ஐம்பது வயதுவரை அவர் படித்ததெல்லாம் செய்தித்தாளும் டயர்க் கடை விளம்பரமும்தான். ஒருநாள் கடைசி இருக்கையில் எவனோ ஒரு கல்லூரி மாணவன் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். அட்டையில் மலை உச்சியில் கைகளை விரித்தபடி ஒரு ஆள். உரியவன் தேடி வருவான் என்று முன்கண்ணாடிக்கு அடியில் போட்டுவைத்தார். ஒருத்தனும் வரவில்லை. வண்டியும் நிறையவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று பிரித்தார். பிரித்தவர்தான், அதற்கப்புறம் மூடவே இல்லை. தலைநகர் அம்மானுக்குப் போகிற நாளெல்லாம் பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் குனிந்து நிற்க ஆரம்பித்தார். எப்படி முன்னேறுவது, எப்படித் தூங்குவது, எப்படிக் கோபத்தை அடக்குவது என்று மனுஷனுக்கு எதையெதையோ சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும்.

படித்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது. ஏறுகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி வழியாகவே பாடம் நடக்கும்.

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சா வாழ்க்கையே மாறிடும்னு ஒருத்தன் முந்நூறு பக்கத்துக்கு எழுதியிருக்கான். எங்க தெருவுல பாங்கு சொல்ற முஅத்தின் இதைத்தான் தெனம் சொல்லிக்கிட்டிருக்கார், ஓசியில. பாவம், அவருக்குப் புத்தகம் போடத் தோணல."

இன்னொரு நாள் வேறொரு புத்தகம். "அஞ்சு வருஷம் கழிச்சு நீ எங்கே இருப்பன்னு யோசின்னு போட்டிருக்கு. ராத்திரி முழுக்க யோசிச்சேன். இந்த வண்டி போய் நிக்கற சுவைலிஹ்லதான் இருப்பேன். ஆள் ஏறினதும் திரும்ப சல்ட்டுக்கு வருவேன்."

பஸ்ஸே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் அவருக்கு அது வெறும் வேடிக்கை இல்லை. படிக்காமல் போன வயதை எப்படியாவது எட்டிப் பிடித்துவிடலாம் என்று அவருக்குள் ஒரு வெறி இருந்தது. படித்தவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் அவருக்கு இன்றைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஏதாவது ஒரு புத்தகத்தில் மருந்து இருக்காதா என்றுதான் அத்தனையையும் புரட்டினார்.

எல்லாம் பலித்ததா என்றால், எங்கே. 'முடியாது என்று சொல்லப் பழகு' என்று ஒரு புத்தகம் சொன்னதை நம்பி, அக்கா வீட்டு விருந்தில் இரண்டாம் தடவை சோறு வைக்க வந்தபோது "வேண்டாம், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று நேராகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் விருந்தாளி நாலு தடவை மறுப்பான், வீட்டுக்காரி ஐந்தாவது தடவை வைப்பாள், அவன் சாப்பிடுவான். இவர் சொன்ன தோரணையில் அக்கா கரண்டியோடு திகைத்து நின்றாள். அப்புறம் அடுப்படிக்குள் போய் அழுதாள். தம்பிக்குத் தன்மேல் என்ன மனத்தாங்கலோ என்று ஊரெல்லாம் விசாரித்தாள். சமாதானப்படுத்த அவ்னி மறுநாளும் போய் மூன்று தட்டு தின்ன வேண்டியதாயிற்று.

"அந்தப் புத்தகம் எழுதினவனுக்கு அக்கா இருக்காளா?" என்று கேட்டாள் அவர் மனைவி இன்திசார்.

"அதெல்லாம் போடல."

"பொண்டாட்டியாவது இருக்காளா?"

"முதல் பக்கத்துல அவளுக்குத்தான் நன்றி சொல்லியிருக்கான்."

"அவ வேண்டாம்னு சொல்லப் பழகியிருந்தா நமக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது, அபூ லைத்." மூத்த மகன் லைத்தின் பேரைச் சேர்த்து அபூ லைத் என்றுதான் வீட்டிலும் ஊரிலும் அவரைக் கூப்பிடுவார்கள்.

புத்தி சொல்லும் புத்தகங்களைவிட விஷயம் சொல்லும் புத்தகங்கள்தான் மேல் என்ற முடிவுக்கு அவர் மெல்ல மெல்ல வந்தார். புத்தி ஒரு மாதம் நிற்கும், விஷயம் கூடவே இருக்கும் என்பார். இருதயத்தைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதிய புத்தகம் ஒன்று கிடைத்தது. அதைப் படித்த நாட்களில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் அவர் கை தானாக நெஞ்சுக்குப் போகும். நான் தூங்கினாலும் தூங்காத ஒரு ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருக்கிறானே என்று கண் கலங்குவார்.

அதில் ஒரு இடம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வால்வு, வால்வு என்று எழுதியிருந்தது, என்ன எழவு என்று விளங்கவில்லை. மழை பெய்த ஒரு காலையில், எப்போதும் அவருக்குப் பின் இருக்கையில் ஜன்னலோரம் உட்காரும் பார்மசி படிக்கிற பெண்ணிடம் கேட்டார். அவள் கூச்சப்படுகிற பெண், அவரை அம்மோ, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவாள். ஆனாலும் எட்டி, பனி படர்ந்த கண்ணாடியில் விரலால் படம் போட்டாள்.

"உங்க பஸ் கதவு மாதிரிதான் அம்மோ. ஆனா ஒரு பக்கம்தான் திறக்கும். ஏறின ரத்தம் அதே வழியா இறங்க முடியாது. முன்னாடிதான் போயாகணும்."

அவள் பெயர் தீமா. அப்போது அவருக்கு அது தெரியாது. அவள் படிப்பு முடிந்து ஒன்றிரண்டு வருடம் போனபின், சூரிய ஒளித் தகடு பொருத்தும் வேலை பார்க்கிற லைத் ஒருநாள் வீட்டில் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தான். ஒரு மருந்துக் கடைக் கூரையில் வேலை செய்யப் போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தானாம். அவன் கைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்ததும் அவ்னிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கண்ணாடியில் இருதயம் வரைந்த பெண். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனால் தீமாவின் அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. அபூ ஷிப்லி, ஹம்மாம் தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவர். சிரித்தால் சரக்கின் விலை குறைந்துவிடும் என்பதுபோல முகத்தை வைத்திருப்பார். மாதக்கணக்கில் பிடி கொடுக்கவில்லை. "பஸ்ஸுல உட்கார்ந்து எல்லாருக்கும் பாடம் நடத்துவாரே, அவர் மகனா?" என்று கடையில் அவர் கேட்டது லைத் காதுவரைக்கும் வந்துவிட்டது. கடைசியில் பெண் பிடிவாதமாக நின்றதால் இறங்கிவந்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ஜாஹா வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். ஜாஹா என்றால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் கூட்டமாகப் போய்ப் பெண் கேட்பது. பார்க்கலாம் என்பது அபூ ஷிப்லி வாயில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

அன்று மாலை லைத் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தான்.

"யாபா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மட்டும் புத்தகத்தப் பத்தி ஒரு வார்த்தை வேணாம். பேசறதுக்கு ஜவ்தத் பாஷா இருக்கார். நீங்க கடைசியில நன்றி மட்டும் சொன்னாப் போதும்."

"என்னால உனக்குத் தலைகுனிவா?"

"இல்ல யாபா. எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்."

அவ்னிக்கு உள்ளே சுருக்கென்றது. சரி என்று தலையாட்டினார். வாக்குக் கொடுத்தார். ஆனால் அந்த நன்றி இருக்கிறதே, அதை அத்தனை பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தாலே நாக்கு ஒட்டியது. ஆகவே ஓசைப்படாமல் இன்னொரு புத்தகம் வாங்கினார், கூட்டத்தில் பயமில்லாமல் பேசுவது எப்படி என்று. புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதானே மகன் சொன்னான், படிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

புத்தகம் ஒரு உபாயம் சொன்னது. படபடப்பு வந்தால் அவசரப்படாதே. முன்னால் இருக்கும் தண்ணீரை எடு. ஒரு வாய் மெதுவாகக் குடி. மூச்சை விடு. அவ்னி பஸ்ஸில் உட்கார்ந்து தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு இதைப் பழகினார். மனசு படபடக்கிற மாதிரி நினைத்துக்கொள்வார், ஒரு வாய் குடிப்பார், மூச்சு விடுவார். நாலு நாளில் அது கைக்குப் பழகிவிட்டது. வினை அங்கேதான் பிடித்தது.

வெள்ளிக்கிழமை அபூ ஷிப்லி வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. சுவரை ஒட்டி வரிசையாக ஆண்கள். நடுவில் ஜவ்தத் பாஷா, படையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், அவ்னிக்குத் தூரத்து உறவு. அவர் வாயைத் திறந்தால் மூடவைக்கப் பீரங்கிதான் வேண்டும். அவருக்குப் பக்கத்தில் அவ்னி. அவ்னிக்கு அந்தப் பக்கம் லைத், புதுச் சட்டைக் காலர் கழுத்தை அறுக்க விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

பெண்ணின் சித்தப்பா கசப்புக் காப்பியைக் கொண்டுவந்து பாஷாவுக்கும் அவ்னிக்கும் சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். இருவரும் வாங்கி முன்னாலிருந்த மேசையில் வைத்தார்கள். அதுதான் முறை. கேட்க வந்ததைக் கேட்டு, பெண்ணின் அப்பா "காப்பியைக் குடிங்க" என்று சொல்லும்வரை அதைத் தொடக் கூடாது. குடியுங்கள் என்றால் பெண் தந்தோம் என்று பொருள். அதற்கு முன்னால் தொட்டால், கேட்க வந்ததே வேண்டாம் என்று நாமே கைகழுவியதாகப் பொருள். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

பாஷா எழுந்தார். இரண்டு குடும்பத்து முப்பாட்டன்மாரிலிருந்து ஆரம்பித்தார். யார் யாரோடு சேர்ந்து எந்தக் கிணற்றை வெட்டினார்கள், யார் குதிரையை யார் மீட்டார்கள் என்று போய்க்கொண்டேயிருந்தது. அவ்னி தன் நன்றியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். முதல் வரி வந்தது, இரண்டாவது வரவில்லை. எதிரே அபூ ஷிப்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு ஒட்டியது. காதுக்குள் இரைச்சல். கை தானாக நீண்டது. கோப்பையை எடுத்தது. அவ்னி ஒரு வாய் மெதுவாகக் குடித்து, மூச்சை விட்டார்.

பாஷா ஒரு பாட்டனை நடுவழியில் விட்டுவிட்டு நின்றார்.

காப்பிக் கூஜாவோடு சித்தப்பா அப்படியே உறைந்துவிட்டார். நாக்கில் ஏலக்காய்க் காப்பியின் கசப்பு இறங்கியபோதுதான் தான் செய்தது என்ன என்று அவ்னிக்கு உறைத்தது. லைத்தின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

அபூ ஷிப்லி நிதானமாகச் சொன்னார்: "உட்காருங்க பாஷா. உங்களுக்கு ஏன் சிரமம். மாப்பிள்ளையோட அப்பா காப்பியைக் குடிச்சிட்டார். அவருக்கு எங்ககிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு தெரியுது."

"அப்படியில்ல அபூ ஷிப்லி," என்றார் பாஷா, போர்க்களத்தில் பின்வாங்குகிறவருடைய குரலில். "அவருக்குச் சர்க்கரை. தலை சுத்தியிருக்கும், பாவம். தெரியாம எடுத்துட்டார்."

"கசப்புக் காப்பி சர்க்கரைக்கு மருந்துன்னு எனக்கு இத்தன நாள் தெரியாம போச்சு."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். ஆனால் பாஷா விரித்த பாய் இன்னும் அங்கேதான் கிடந்தது. ஆமாம், சர்க்கரைதான், மயக்கம்தான் என்று அவ்னி ஒரு வார்த்தை சொன்னால் மானத்தோடு ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். அவ்னிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஏன் இருக்காது? மகன் வாழ்க்கை. ஆனால் இந்த மனுஷனோடு இனி ஆயுசுக்கும் உறவாட வேண்டும், முதல் நாளே பொய்யை ஊட்டினால் அப்புறம் நித்தமும் ஊட்ட வேண்டிவரும் என்று பட்டது. மகனுக்குக் கொடுத்த வாக்கும் தொண்டையில் நின்றது. உண்மையைச் சொன்னால் வாக்குப் போகும், பொய்யைச் சொன்னால் மற்றதெல்லாம் போகும்.

அவர் எழுந்தார்.

"எனக்குச் சர்க்கரை இல்ல, அபூ ஷிப்லி. பயம். இத்தனை பெரியவங்க முன்னாடி பேசணுமேன்னு பயம். பயம் வந்தா ஒரு வாய் தண்ணி குடின்னு ஒரு புத்தகத்துல படிச்சேன். பஸ்ஸுல உட்கார்ந்து பழகினேன். இங்க பயம் வந்துச்சு, கை போயிடுச்சு. முறை தெரியாம இல்ல. என் மகன் புத்தகத்தப் பத்திப் பேசாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டான். அதுக்கும் இப்ப துரோகம் பண்ணிட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அபூ ஷிப்லி சிரிக்கவில்லை.

"அந்தப் புத்தகத்துல காப்பின்னா போட்டிருக்கு?"

"தண்ணின்னுதான் போட்டிருக்கு. எட்டினது காப்பி."

"குடிச்சதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு போட்டிருக்கு?"

"வந்த விஷயத்த நம்ம சொந்த வார்த்தையில சொல்லணும்னு."

அபூ ஷிப்லி தம்பியைப் பார்த்தார். "அவருக்கு வேற கோப்பை குடு."

புதுக் கோப்பை வந்தது. அவ்னி அதை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார், இந்தத் தடவை தன் கைக்கு எட்டாத தூரத்தில். பாஷா வாயைத் திறந்தார். அபூ ஷிப்லி ஒரு விரலை உயர்த்தியதும் மூடிக்கொண்டார். அது அவர் ஆயுளில் முதல் தடவையாக இருக்கும்.

"பாஷா மாதிரி எனக்குப் பாட்டன்மார் கதை வராது," என்று அவ்னி ஆரம்பித்தார். "உங்க மக என் வண்டியிலதான் காலேஜுக்குப் போனா. யார் பொண்ணுன்னு எனக்குத் தெரியாது. கிழவி யாராவது ஏறினா முதல்ல எந்திரிக்கறது அவதான், அது தெரியும். ஒருநாள் இருதயத்தப் பத்தி ஒரு புத்தகம் படிச்சேன். ஒரு இடம் புரியல. எட்டாம் கிளாஸ் படிச்ச டிரைவர் கேக்கறானேன்னு அவ சிரிக்கல. கண்ணாடியில படம் போட்டுச் சொல்லிக் குடுத்தா. எனக்கு யாரும் அப்படிப் பொறுமையா சொல்லிக் குடுத்ததில்ல. அந்தப் படத்த நான் துடைக்கல அபூ ஷிப்லி. வெயில் வந்து தானாப் போச்சு. லைத் அவ போட்டோவக் காட்டினப்ப, அவனவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். எங்க வீட்டுல பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா அவ பேசினா கேக்கறதுக்கு ஆள் இருக்கு. உங்க மகள என் மகனுக்குக் குடுங்க."

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார்.

அபூ ஷிப்லி தரை விரிப்பைப் பார்த்துக் குனிந்தார்.

"வீட்டுல அவ அதிகம் பேச மாட்டா," என்றார்.

"பஸ்ஸுல பேசுவா."

"என்கிட்ட அவ எதையும் படம் போட்டுக் காட்டினதில்ல. நானும் கேட்டதில்ல."

பிறகு நிமிர்ந்தார். "காப்பியக் குடிங்க, அபூ லைத்."

அவ்னியால் எட்ட முடியவில்லை. அவரே தூரமாக வைத்தது. லைத்தான் எழுந்து கோப்பையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தான். அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது, உதட்டில் சிரிப்பு.

"ஒரு வார்த்தை வேணாம்னேனே யாபா," என்றான் காதோடு. "மூணு புத்தகம் ஆயிடுச்சு."

"ரெண்டுதான்டா," என்றார் அவ்னி. ஒரே மடக்கில் குடித்தார். பாஷாவும் தன் ஆறிப்போன காப்பியை முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். சம்பந்தம் முடிந்ததற்கு அடையாளமாக ஃபாத்திஹா ஓதினார்கள். உள்ளே பெண்கள் குலவையிட்டது தெருமுனைவரைக்கும் கேட்டது.

குனாஃபா இனிப்பு வந்தபோது அபூ ஷிப்லி தன் தட்டோடு எழுந்துவந்து அவ்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாகு சொட்டச் சொட்ட எல்லாரும் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். அப்புறம் யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"இவ்வளவு படிக்கறீங்களே. மகளக் கட்டிக் குடுத்து அனுப்பற அப்பனுக்கு எதுலயாவது ஏதாவது போட்டிருக்கா?"

அவ்னி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். விடியலில் எழச் சொன்ன புத்தகம், வேண்டாம் என்று சொல்லச் சொன்ன புத்தகம், தண்ணீர் குடிக்கச் சொன்ன புத்தகம், எல்லாவற்றையும் மனசுக்குள் புரட்டினார். இரும்புக் கடைக்காரர் தட்டைப் பார்க்காமலே இன்னும் கிளறிக்கொண்டிருந்தார். அவ்னிக்கு அவர்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இல்ல, அபூ ஷிப்லி. எதுலயும் இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை எனக்கு ஓட்டம் கிடையாது. வண்டி சும்மாதான் நிக்கும். எனக்குப் பின்னாடி ஜன்னலோரம் அவ உட்காருற இடம் அப்படியே இருக்கு. வாரா வாரம் நானே அவள உங்க வாசல்ல கொண்டுவந்து இறக்கறேன்."

அபூ ஷிப்லி ஒரு வாய் குனாஃபா எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார்.

"வண்டி நிறையட்டும்னு காத்துக்கிட்டு நிக்காதீங்க," என்றார். "காலையிலேயே கூட்டிட்டு வந்துடுங்க."